காலி இடத்தை அளந்தவர்

ஒரு காகிதத்தின் அடியில் எழுத்தே இல்லாத இடத்தை, ஒரு மனிதர் ஸ்கேல் வைத்து அளப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். போன மாதம், மாதனூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில். அளந்தவர் அங்கே பிளான்ட் மேனேஜர். பெயர் தயாளன். நல்ல மனிதர்தான். அதாவது, கம்பெனிக்கு நல்லவர்.

ஸ்டீல் ஸ்கேலைப் பக்கத்தின் அடியில் வைத்தார். கண்ணைச் சுருக்கினார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு எதிரே நின்றிருந்த கிருபாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது? பாதிப் பக்கம் சும்மா வுட்ருக்க?"

"சும்மா இல்ல சார். அடுத்த விஷயம் மொத்தமா அடுத்த பக்கத்துல வரணும். அதுக்குத்தான்..."

"இங்கதான் இடம் இருக்குதே? இங்கயே ஆரம்பி. எவ்ளோ புடிக்குதோ அவ்ளோ போடு. மிச்சத்தைத் தூக்கி அடுத்ததுல போடு. இதெல்லாம் கூடவா நான் சொல்லித் தரணும்?"

நான் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் இதில் பங்கு உண்டு. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் புலம்புவது போக, வயிற்றுப்பாட்டுக்கு இந்த வட்டாரத்துக் கம்பெனிகளுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். பாதுகாப்பு விதிகள், மெஷின் குறிப்புகள், 'கையுறை அணியாமல் தொடாதீர்கள்' வகையறா. ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை ஏதாவது ஒரு சுவரில் என் வாக்கியம் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். அதை யாராவது படித்ததாக இதுவரை தகவல் இல்லை.

கிருபா அந்தக் கம்பெனியில் டாக்குமென்ட் வேலை பார்ப்பவள். நான் தமிழில் எழுதித் தருவதைப் பக்கம் பக்கமாகக் கட்டி, அச்சுக்குத் தயார் செய்வது அவள் பொறுப்பு. ஆனால் அவள் நேராக ஆபீஸுக்குள் வந்தவள் இல்லை. கம்பெனி பஸ்ஸில் ஏறி, பேஸ்டிங் டேபிளுக்கு வந்தவள். ஷூவின் துண்டுகளுக்குப் பசை தடவும் மேஜை அது.

அங்கே ஒரு நாள் பசைக் கறை துடைக்கும் கிளீனர் டப்பாவின் மூடியை நெம்பும்போது இடது கண்ணில் தெறித்துவிட்டது. அவ்வளவுதான், சுற்றி இருந்த அத்தனை பேரும் ஒரே நொடியில் டாக்டர் ஆகிவிட்டார்கள். ஒருத்தி துணியால் துடைத்தாள். ஒருத்தி வாயால் ஊதினாள். ஒருத்தி தேங்காய் எண்ணெய் விடலாம் என்று யோசனை சொன்னாள். குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று யாருக்கோ தோன்றியபோது தாமதமாகிவிட்டது. வேலூரில் டாக்டர்கள் கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பார்வையை முழுசாகக் கொடுக்க முடியவில்லை. மார்கழிக் காலையில் பனி படிந்த பஸ் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது என்பாள். இன்றும் அப்படித்தான்.

அதற்கப்புறம் அவள் தபாலில் படித்து, கம்ப்யூட்டர் கற்று, ஆபீஸுக்கு மாறினாள். இந்த வேலையை அவள் கேட்டு வாங்கியதே ஒரு தாளுக்காகத்தான் என்பது எனக்குத் தெரியும். 'கண்ணில் ரசாயனம் பட்டால் உடனே செய்ய வேண்டியவை' — இந்தத் தலைப்பும், அதன் கீழே ஐந்து படிகளும் ஒரே தாளில் இருக்க வேண்டும். பார்த்தவுடனே படிக்க வேண்டும். புரட்டக் கூடாது. அவ்வளவுதான் அவள் ஆசை. தலைப்பைப் பார்த்தவள் கண்ணைக் காப்பாற்றுவதற்குள் இன்னொரு பக்கத்தைத் தேடக் கூடாது.

தயாளன் சார் ஸ்கேல் வைத்து அளந்தது அந்தத் தாளுக்கு முந்திய பக்கத்தைத்தான்.

இப்போது பக்கத்தை உடைப்பது, அதாவது ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடங்குவது பற்றி ஒரு வார்த்தை. தூங்கிவிடாதீர்கள்.

நம் ஊரில் பக்கத்தை உடைக்க ஒரே ஒரு தொழில்நுட்பம்தான் — என்டர் கீ. என்டர், என்டர், என்டர்... அடுத்த பக்கம் வந்து விழும்வரை தட்டுவது. கல்யாணப் பத்திரிகையிலிருந்து கலெக்டர் மனு வரை இப்படித்தான் தயாராகின்றன. அதே ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் மணமகன் ஒரு பக்கமும் மணமகள் ஒரு பக்கமும் இருப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே!

கிருபா அப்படிச் செய்யவில்லை. அவள் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சாஃப்ட்வேரைத் தானே கற்றுக்கொண்டாள். அதில் எழுத்துக்கு நடுவே கட்டளைகளையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எந்த வரி எங்கே முடியணும், எந்தப் பக்கம் எங்கே உடையணும் என்பதையெல்லாம் அது தானே யோசித்து முடிவு செய்யும். நமக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சொல்லலாம். ஆனால் எவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறோம் என்பதற்கு ஒரு நம்பர் போட வேண்டும்.

பூஜ்யம் போட்டால், 'இங்கே உடைத்தாலும் சரி, உங்க இஷ்டம்.' ஒன்று போட்டால், 'உடைத்தால் நல்லாயிருக்கும்.' இரண்டு, 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க.' மூன்று, 'ப்ளீஸ் சார்...' நான்கு போட்டால் கட்டளை. மறுபேச்சு கிடையாது. 'இங்கே உடைக்காதே' என்று சொல்வதற்கும் இதே வரிசைதான்.

எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! நான் வீட்டில் எல்லாவற்றையும் நாலாம் நம்பரில்தான் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் காதில் அது பூஜ்யமாகத்தான் விழுகிறது.

அந்த சாஃப்ட்வேருக்கு இரக்க சுபாவமும் உண்டு. பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் தனியாகப் போய் நிற்பதை அது விரும்பாது. அப்படி நிற்கும் வரிக்கு அச்சுத் தொழிலில் 'விதவை' என்று பெயராம். முதல் வரி மட்டும் பக்கத்தின் அடியில் தனியாக நின்றால் 'அநாதை'. பெயர் வைத்தவர் யாரோ, அவர் வீட்டு விசேஷங்களுக்கு என்னைக் கூப்பிடாமல் இருந்தால் சரி.

ஒரே தொல்லை, அதற்குத் தமிழ் என்றால் கொஞ்சம் மூச்சு முட்டும். 'அப்புறப்படுத்தப்பட்டிருக்கவேண்டும்' என்று ஒரு வார்த்தை வந்தால், எங்கே உடைப்பது என்று தெரியாமல் மார்ஜினுக்கு வெளியே நீட்டிவிடும், காலை நேரத்துக் குடியாத்தம் பஸ்ஸில் படியில் தொங்குகிறவரைப் போல. அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது. 'இடைவெளி கொஞ்சம் தாராளமாக இருந்தாலும் பரவாயில்லை, வெளியே மட்டும் போகாதே.' கிருபா அதையும் போட்டிருந்தாள். அந்தக் கண் தாளின் ஒவ்வொரு படிக்கும் இடையில், 'இங்கே உடைக்காதே' என்று நான்காம் நம்பர் போட்டிருந்தாள்.

மெஷின் கேட்டுக்கொண்டது. மேனேஜருக்கு நம்பர் போட முடியாதே!

தயாளன் சாரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் கட்டிங் செக்‌ஷனிலிருந்து மேலே வந்தவர். இருபது வயதிலிருந்து அவர் செய்தது ஒரே வேலை — ஒரு தோலை விரித்துப் போட்டு, அதில் ஷூவின் துண்டுகளை இடைவெளியே இல்லாமல் நெருக்கி நெருக்கிப் பொருத்துவது. பெரிய துண்டுக்குப் பக்கத்தில் சின்னத் துண்டு. வளைவுக்குள் வளைவு. உண்ணி கடித்த தழும்பு இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போவது. தோலில் விரல் நுழையும் அளவுக்கு இடம் மிஞ்சினாலும் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. அந்தத் திறமைக்குத்தான் ஏ.சி. ரூமும் சுழல் நாற்காலியும் கொடுத்தார்கள். ரூமுக்குள் போன பிறகும் கண் மாறவில்லை. காகிதமும் அவருக்குத் தோலாகவே தெரிகிறது.

கிருபா அவர் பாஷையிலேயே சொல்லிப் பார்த்தாள்.

"சார், ஷூவோட முன்பக்கத் துண்டு, வேம்ப்பு... தோலோட ஓரத்துல பாதி வேம்ப்புக்குத்தான் இடம் இருக்குதுன்னு வெச்சிக்கங்க. பாதியை இதுல வெட்டிட்டு, மீதியை அடுத்த தோல்ல வெட்டுவீங்களா?"

"அது தோலும்மா! இது பேப்பர். ரெண்டும் ஒண்ணா?"

அப்படியானால் ஸ்கேலை எடுத்தது எதற்கு என்று நான் கேட்கவில்லை. டீ நன்றாக இருந்தது.

"இன்னொண்ணு கேட்டுக்கோ" என்றார் அவர். "பையர் ஆடிட் வருது, நம்ம ஷூ வாங்கறவங்க ஆளு வந்து செக் பண்ணுவாங்க. பேப்பர்ல ஏதாவது தப்பு வந்துச்சு, நான் பதில் சொல்ல மாட்டேன். டாக்குமென்ட் நீ. உன் வேலை போய்டும், ஆமா."

கிருபாவின் ஃபைலில் கை வைக்க அவருக்குத் தெரியவில்லை. அதற்காக விட்டுவிடுவாரா? ஆபீஸில் டைப் அடிக்கும் ஒருவரை உட்கார வைத்து, அத்தனையையும் வழக்கமான சாஃப்ட்வேரில் கொட்டி, இடைவெளிகளை ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். எங்கெல்லாம் வெள்ளை தெரிந்ததோ அங்கெல்லாம் அடுத்த விஷயம் ஏறி உட்கார்ந்தது. புத்தகம் இளைத்தது. 'ஜாஸ்தியா இருந்ததை எவ்ளோ கம்மி பண்ணிட்டேன் பாருங்க மேடம்' என்று தயாளன் சார் என்னிடமே காட்டினார். நான் பார்த்தேன். பேஷண்ட் இளைத்துவிட்டார் என்று சந்தோஷப்படுகிற சொந்தக்காரர்கள் உண்டல்லவா, அந்த மாதிரி முகம்.

அன்று சாயங்காலம் கிருபா போன் செய்தாள்.

"பேஜாரா இருக்குதுக்கா. அந்தத் தலைப்பு ஒரே வரியா பக்கத்தோட அடியில தனியா நிக்குது. அஞ்சு பாயிண்ட்டும் அடுத்த பக்கம் போய்டுச்சு."

"திரும்பச் சொல்லிப் பாரேன்."

"சொன்னேன். 'படிக்கிறவங்களுக்குப் பக்கம் திருப்பத் தெரியாதா'ன்றாரு." பிறகு சொன்னாள். "அந்த டேபிள்ல இப்ப மேகலா உக்கார்றாக்கா. எங்க தெருப் பொண்ணு. நான்தான் அவளை இங்க சேத்து வுட்டேன். அவ கண்ணை நினைச்சாதான் எனக்குப் பயமா இருக்குது."

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. பக்கம் திருப்புவது பற்றி இத்தனை நாள் நான் நினைத்ததெல்லாம் வாசகர்களின் சௌகரியம்தான். கண் எரிகிறவளுக்கு அது வேறு கணக்கு.

பக்கம் திருப்புவதாவது! எந்தக் கம்பெனியில் புத்தகத்தைத் திருப்புகிறார்கள்? தாள் தாளாகப் பிரித்து, லேமினேட் செய்து, சுவரில் ஒட்டுவதுதானே இங்கே வழக்கம். ஆடிட்டர் நடந்து வரும் வழியில் சுவர் பளபளவென்று இருந்தால் போதும்.

ஒட்டும் பொறுப்பையும் தயாளன் சாரே ஏற்றுக்கொண்டார். சுவரும் அவருக்குத் தோல்தானே? ஃபேன் சுவிட்சுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு தாள் பிடிக்கிறதா, அங்கே ஒன்று. கடிகாரத்துக்குக் கீழே ஒன்று. அளவு பார்த்து, இடம் பார்த்து, ஒட்டினார்கள். பக்க எண் வரிசையாவது மண்ணாங்கட்டியாவது! ஒரு அங்குலம் வீணாகவில்லை. கண் தாளின் தலைப்பு இருந்த பக்கம் பேஸ்டிங் டேபிளுக்கு எதிரில் வந்தது. படிகள் இருந்த பக்கத்துக்கு அங்கே இடம் பிடிக்கவில்லை. அது மூலைத் தூணுக்குப் போனது.

ஆடிட் நாள் காலையில் இன்னொரு கூத்து. கண் கழுவும் குழாய் என்று ஒன்று எல்லா செக்‌ஷனிலும் இருக்க வேண்டும். இங்கேயும் இருந்தது. அதற்கு முன்னால் இருந்த இடம் 'காலியாக' இருந்ததால், வருஷம் பூராவும் அங்கே அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஆடிட்டர் வருகிறார் என்று அவசர அவசரமாக அவற்றைத் தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல்... மூலைத் தூணுக்கு முன்னால் அடுக்கிவிட்டார்கள்.

எந்தத் தூண் என்று சொல்ல வேண்டியதில்லை.

நானும் போயிருந்தேன். தமிழில் ஏதாவது சந்தேகம் வந்தால் விளக்க வேண்டுமாம். ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்மணி. காட்டன் சேலை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ, குரலை உயர்த்தாத பேச்சு. இப்படிப்பட்டவர்கள்தான் ஆபத்தானவர்கள். அவருக்கு மத்தியானம் என்ன சாப்பாடு என்பது மட்டும் எங்கள் ஊரில் விவாதத்துக்கே வராத விஷயம். பிரியாணி அண்டா வந்து இறங்கிவிட்டது.

அவர் வருவதற்கு முன்பே தயாளன் சார் லைனில் இருந்த பெண்களை நிற்க வைத்து உத்தரவு போட்டிருந்தார். "அவங்க இன்னா கேட்டாலும் சுவத்துல இன்னா எழுதியிருக்குதோ அதைப் பாத்து, அப்படியே செய்யணும். சொந்த புத்தியைக் காட்டக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. ரொம்ப நன்றாகப் புரிந்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது.

ஆடிட்டர் பேஸ்டிங் டேபிளுக்கு வந்தார். மேகலாவைப் பார்த்துச் சிரித்தார். குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் வந்தது. தயாளன் சார் முகத்தில் பெருமை வந்தது.

"ஒரு சின்ன டிரில் பண்ணலாமா?" என்றார் ஆடிட்டர். "யாராவது ஒருத்தர் கண்ணுல கிளீனர் பட்ட மாதிரி நிக்கணும். சார், நீங்களே நில்லுங்களேன்?"

தயாளன் சார் மறுப்பாரா? மேஜை பக்கத்தில் வந்து நின்று, இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டார்.

"நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது. பேசவும் கூடாது. உங்களுக்கு எரியுது" என்றார் ஆடிட்டர். பிறகு மேகலாவிடம் திரும்பினார். "அவர் கண்ணுல பட்டுடுச்சு. இப்ப என்ன செய்வீங்க?"

மேகலா எதிர்ச் சுவரைப் பார்த்தாள். தாளைத் தேடிக் கண்டுபிடித்தாள். சத்தமாக, ஸ்கூல் பிள்ளை மாதிரி படித்தாள்.

"கண்ணில் ரசாயனம் பட்டால் உடனே செய்ய வேண்டியவை..."

தாள் முடிந்துவிட்டது.

அவள் தாளின் கீழே பார்த்தாள். மேலே பார்த்தாள். பக்கத்தில், சுவிட்சுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், அடுத்த தாள் இருந்தது. அதற்குத் தலைப்பு இல்லை. அதன் தலைப்பும் அதேபோல வேறொரு பக்கத்தின் அடியில் மாட்டிக்கொண்டு, வேறு எங்கோ தொங்கிக்கொண்டிருந்தது. நேராகப் படிகள்தான் ஆரம்பித்தன. மேகலா படித்தாள்.

"ஒன்று. எல்லா மெஷின்களையும் உடனே நிறுத்தவும். இரண்டு. கையில் உள்ளதைப் போட்டுவிட்டு, வரிசையாக வெளியேறவும். மூன்று. யாரும் எக்காரணம் கொண்டும் உள்ளே திரும்பி வரக் கூடாது."

அது தீ விபத்துக்கானது.

மெஷின்கள் நின்றன. பெண்கள் எழுந்தார்கள். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, ஒரு தள்ளுமுள்ளு இல்லாமல், அப்படி ஒரு ஒழுங்குடன் வாசலை நோக்கி நடந்தார்கள். கடைசியாகப் போன மேகலா வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே குழம்பினாளா, இல்லை தெரிந்துதான் செய்தாளா? அவள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. இன்றுவரை கேட்கவும் இல்லை. கேட்டால் கதை கெட்டுவிடும்.

ஹாலில் சத்தமே இல்லை. நடுவில் தயாளன் சார், கண்ணை மூடிக்கொண்டு.

"இன்னாம்மா... மெஷினை ஏன் நிறுத்தினீங்க?" என்றார். "மேகலா? ஏய், யாராவது இருக்கீங்களா? தண்ணி வுடுங்கம்மா!"

"பேசக் கூடாது சார்" என்றார் ஆடிட்டர்.

அவர் கையை முன்னால் நீட்டித் துழாவினார். மேஜை விளிம்பு தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு, அந்தக் கை விளிம்பை விடாமல் இறுக்கியிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எரிச்சல் இல்லை, வலி இல்லை, வெறும் ஒத்திகைதான். அதற்கே இப்படி.

கிருபா ஓடினாள். யாரும் சொல்லவில்லை. சுவரையும் பார்க்கவில்லை. "சார், நான்தான். வாங்க" என்று அவர் கையைப் பிடித்துக் குழாய்க்கு இழுத்துப் போனாள். "தேய்க்காதீங்க. குனிங்க. இமையை விரலால பிரிச்சிப் புடிங்க. இதுல கால் மணி நேரம் வெச்சிருக்கணும் சார். நிஜமா பட்டிருந்தா, எந்த டப்பான்னு பாத்து, அதைக் கையில எடுத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்." ஐந்து படிகள். ஒன்றைக்கூட விடவில்லை. ஒரு நாள் தன் கண்ணுக்கு யாரும் செய்யாததை எல்லாம் வரிசையாகச் செய்தாள்.

சட்டை நனைந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த தயாளன் சாரிடம் ஆடிட்டர் கேட்டார். "இந்தத் தாளெல்லாம் யார் தயார் பண்ணது?"

"டாக்குமென்ட் இவங்கதான்" என்று அவர் விரல் நீட்டினார். யாரை? சற்று முன்பு கையைப் பிடித்துக் கூட்டிப் போனவளை.

இந்த இடத்தில் நான் டீ குடித்துக்கொண்டிருக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

"கிருபா செஞ்சது வேற மேடம்" என்றேன். "சுவத்துல தொங்கறது சார் வெட்டினது."

ஆடிட்டர் பழையதைக் கேட்டார். கிருபா தன் கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் எடுத்து வந்தாள். தலைப்பும் ஐந்து படிகளும் ஒரே தாளில். முந்திய பக்கத்தில் அந்தப் புகழ்பெற்ற காலி இடம். ஆடிட்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதை ஏன் சார் மாத்தினீங்க?"

"அது வந்து மேடம்... இடம் வேஸ்ட்டா இருந்துச்சு."

"இப்ப கண்ணை மூடிட்டு நின்னீங்களே, அந்த நேரத்தை எந்தக் கணக்குல சார் எழுதலாம்?"

தயாளன் சார் நனைந்த சட்டையைப் பிழிந்தார். அதற்குள் வெளியே போன பெண்கள் வாசலில் கூடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வரவில்லை. வரக் கூடாது என்று எழுதியிருக்கிறதே!

ஆர்டர் போகவில்லை. எல்லாத் தாளையும் திருத்தி, வரிசையாக ஒட்டிக் காட்ட வேண்டும் என்று எழுதிவிட்டு, சாப்பாட்டைப் பாராட்டிவிட்டு, ஆடிட்டர் அரக்கோணம் வழியாக ரயிலேறிவிட்டார். கிருபாவின் வேலையும் போகவில்லை. திருத்தும் வேலை இருக்கிறதே, அவளைவிட்டால் யார் செய்வது?

மறுநாள் காலை மீட்டிங்கில் தயாளன் சார் ஒரு சொற்பொழிவு ஆற்றினாராம். "ஒரு வேம்ப்பைப் பாதி இந்தத் தோல்ல, பாதி அந்தத் தோல்ல வெட்டுவோமா? மாட்டோம் இல்ல? பேப்பரும் அப்படித்தான்! இந்தச் சின்ன விஷயம் உங்களுக்கெல்லாம் ஏன் தோண மாட்டேங்குது?"

எல்லோரும் கை தட்டினார்களாம். கிருபாவும்தான்.

யோசித்துப் பார்த்தால், அவர் ஒருவர் மட்டுமா அப்படி? காலி இடம் என்றாலே நமக்கு ஆகாது. பிளெக்ஸ் பேனரில் இரண்டு முகத்துக்கு நடுவே வானம் தெரிந்தால் அங்கே மூன்றாவது முகம் வைக்கிறோம். மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் உட்கார்ந்துகொண்டு 'கொஞ்சம் தள்ளுங்க' என்கிறார். பாலாற்றில் தண்ணீர் இல்லாத இடத்தை எல்லாம் 'சும்மா கிடக்கிறது' என்றுதான் மணலாகவும் மனையாகவும் பார்த்தோம். தண்ணீர் வந்த வருஷம் அது யாருடைய இடம் என்று தெரிந்தது. ஆம்புலன்சுக்கு வழி, கண் கழுவும் குழாய்க்கு முன்னால் நாலடி, தலைப்புக்கு முன்னால் அரைப் பக்கம்... எல்லாம் யாரோ ஒருவர் ஒரு நாள் ஓடி வருவதற்காக விட்டு வைத்த இடங்கள். அவர் வராத நாளெல்லாம் அது நமக்கு வேஸ்ட்.

போன வாரம் வேறு வேலையாக அந்தக் கம்பெனிக்குப் போனேன். பேஸ்டிங் டேபிளுக்கு எதிரில் புதுத் தாள் ஒட்டியிருந்தார்கள். தலைப்பும் ஐந்து படிகளும் மட்டும். வேறு எதுவும் அந்தத் தாளில் இல்லை. எழுத்து ஒவ்வொன்றும் கடை போர்டு மாதிரி பெரிசு. வரிக்கு வரி தாராளமான இடைவெளி.

"என்ன கிருபா, இவ்வளவு பெரிய எழுத்து?"

அவள் மேகலாவின் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். இடது கண்ணால், அந்தப் பனி படிந்த கண்ணால், சுவரைப் பார்த்துப் படித்தாள். மெதுவாக. தலைப்பு. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

பிறகு கையை எடுத்துவிட்டுச் சொன்னாள். "கண் எரியறவ படிக்கணும் இல்லக்கா?"

எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று திரும்பினேன்.

பின்னால் தயாளன் சார் நின்றுகொண்டிருந்தார். கையில் அதே ஸ்டீல் ஸ்கேல். எழுத்தின் உயரத்தை அளக்க வந்திருக்கிறார்!